சாம்பலில் கிடந்தது யார் வீட்டுப் பெண்?

சபையில் அவருக்கு ‘ஆதாரம் அண்ணன்’ என்று பெயர் விழுந்துவிட்டது. பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடிச் சில்லு இழைக்கிற இயந்திரத்தின் முன்னால் குனிந்து குனிந்தே முதுகு வளைந்துபோயிருந்தது. ஆனால் ஆராதனை முடிந்து பின்கூடத்தில் ப்ரொஜெக்டரைப் போட்டு, வேதம் மெய் என்பதற்கு ஆதாரமாகப் பழைய ஊர்களைத் தோண்டி எடுத்த படங்களைக் காட்ட ஆரம்பித்தால் அந்த முதுகு தானாக நிமிரும். இடிந்த மதில், ராஜா பெயர் வெட்டிய கல், தண்ணீர்ச் சுரங்கம் என்று ஒவ்வொன்றாக வரும். கோயில் பக்கமே எட்டிப்பார்க்காத மைத்துனர்கூட ஒருநாள் கேட்டுவிட்டு, மாமா பேசினால் கல்லும் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லிப் போனார்.

எல்லாவற்றிலும் அவருக்கு உயிரான படம் ஒன்று உண்டு. தோண்டிய குழியின் சுவரில் கறுப்பாக ஓடும் சாம்பல் அடுக்கு. இந்த ஊர் தீக்கு இரையாகும் என்று தீர்க்கதரிசி சொன்னார், இதோ சாம்பல் என்பார். அந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் துள்ளும்.

ஒரே மகள் தையல் ஆலையில் வேலை பார்த்தாள். ஒரு மத்தியானம் அங்கே துணிக்கிடங்கு பற்றிக்கொண்டது. பின்கதவு வெளியே பூட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் முகம் பார்த்து அடையாளம் சொல்ல வழியில்லை. காவலர் ஒரு தட்டில் கருகிய மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து, தெரிகிறதா என்று கேட்டார். சட்டம் உருகிப்போயிருந்தது. ஒரு சில்லு மட்டும் விரிசலோடு தப்பியிருந்தது. அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைத்தார். அதன் வழியே சன்னல் கம்பி எப்படி நகர்கிறது என்று பார்த்துப் பவரைக் கணக்கிட்டார். அவரே இழைத்துக் கொடுத்த சில்லு.

“என் பொண்ணுதான்” என்றார்.

துக்கம் கேட்க வந்த பெரியவர் ஒருவர் யோபுவின் கதையை எடுத்தார். இழந்ததெல்லாம் அவனுக்குத் திரும்பக் கிடைத்தது, செத்த பிள்ளைகளுக்குப் பதில் வேறு பிள்ளைகளும் பிறந்தார்கள் என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த ஆதாரம் அண்ணனின் மனைவி எழுந்தாள்.

“பின்னால பொறந்த பொண்ணுங்க பேரு வேதத்துல எழுதியிருக்கு. செத்ததுங்க பேரு இல்லையே” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரியவர் காப்பியைக் குடிக்காமலே கிளம்பினார்.

பல மாதம் கழித்து, மனம் கொஞ்சம் ஆறட்டும் என்று போதகர்தான் மறுபடி படம் போடச் சொன்னார். அவரும் சரி என்றார். மதில் வந்தது, கல் வந்தது. பிறகு சாம்பல் படம். எப்போதும் கறுப்பு அடுக்கு மட்டும் தெரியும்படி வெட்டித்தான் போடுவார். அன்று கைதவறி முழுப் படமும் திரையில் விழுந்தது. கீழ் மூலையில் ஒரு வாசற்படிக்கல். அதை ஒட்டி, கையை நீட்டியபடி மடங்கிக் கிடந்தன சின்ன எலும்புகள்.

அவர் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். யாரோ இருமினார்கள்.

“இது யாரு வீட்டுப் பொண்ணு?” என்றார் கடைசியில்.

போதகர் தணிந்த குரலில், அது தேவனுடைய நியாயத்தீர்ப்பு, அந்த ஊர் செய்த பாவம் என்று சொல்லப் பார்த்தார்.

“இருக்கலாம் ஐயா. ஆனா கதவுவரைக்கும் வந்திருக்காளே. உயிர்த்தெழுந்ததுக்குத் தோமா ஆதாரம் கேட்டப்போ ஆண்டவர் கல்லையா காட்டினார்? காயத்தைத்தானே காட்டினார்.”

சிலர் முகம் சுளித்து எழுந்து போனார்கள். மனைவி முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கூடத்தில் படம் போடுவது நின்றுபோயிற்று. ஆராதனைக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார். கடையில் யாராவது புதுச் சட்டம் மாட்டிக் கண்ணாடியில் முகம் பார்க்கும்போது, அவர்கள் தோளுக்குப் பின்னால் இன்னொருத்தி நிற்பதுபோலத் தெரியும். திரும்பிப் பார்த்தால் தெருவும் வெயிலும்தான். வந்தது தன் மகளா, அந்தப் பழைய ஊர்க்காரியா என்று அவருக்கே பிடிபடவில்லை. பயமாக இல்லை, வந்தவளை நிற்கவைத்தே அனுப்பிவிட்டோமே என்றுதான் மனசு அடித்துக்கொள்ளும்.

வீட்டு ஜெபத்தில் மகள் பெயரைச் சொன்னதும், “அந்தப் பொண்ணையும்” என்று சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தார். செத்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையில் வழக்கமில்லையே என்று மனைவி ஒருமுறை சொல்லிப்பார்த்தாள். பிறகு ஒருநாள் அவர் அதைச் சொல்ல மறந்து ஆமென் என்றபோது, அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“இன்னொருத்தி இருக்காளே” என்றாள்.