பொட்டு வைத்த முட்டை

முதலை முட்டையைக் கோழிமுட்டை மாதிரி உருட்டிவிடக் கூடாது. மண்ணில் எந்தப் பக்கம் மேலே கிடந்ததோ, அதுதான் கடைசிவரை மேலே இருக்க வேண்டும். புரண்டுவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு செத்துப்போகும். அதனால் எடுப்பதற்கு முன் பென்சிலால் குறி போடுவோம். நான் சிலுவை போடுவேன்.

"இன்னாடி, முட்டைக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்துகினு கீறே?" என்று கூட வேலை செய்யும் அக்கா கிண்டல் பண்ணுவாள்.

பூந்தமல்லிக்கு வெளியே, அழிந்துவரும் முதலைகளைப் பெருக்கும் பண்ணை எங்களுடையது. அங்கே நீளமூக்கு முதலை ஒருத்தி இருக்கிறாள். வருஷாவருஷம் அவள் இட்டதெல்லாம் கூமுட்டை. அவளைப் பார்த்தாலே எனக்கு மனசு கேட்காது.

இந்த வருஷம் அவள் கூட்டைத் தோண்டி டார்ச் அடித்துப் பார்த்ததில், ஒரே ஒரு முட்டையின் மேல்பக்கத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தது. உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பென்சிலைத் தேடினால், கொரட்டூரிலிருந்து வந்த பஸ்ஸிலேயே விட்டிருக்கிறேன். அக்கா தன் நெற்றி ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துத் திட்டின்மேல் ஒட்டினாள்.

பொரிப்பறையில் பெட்டி மணலுக்கு மாற்றும்போது முட்டை என் கையில் வழுக்கியது. கெட்டியாகப் பிடித்துவிட்டேன். ஆனால் பொட்டு என் விரலோடு வந்துவிட்டது. மேல்பக்கம் எது என்று தெரியவில்லை. டார்ச் அடித்தால் திட்டு தெரியும் என்பதுகூடப் பதற்றத்தில் மறந்துபோய், அப்படியே நின்றேன்.

"ஆடாத. அப்டியே புடி," என்ற அக்கா, விளக்கை அணைத்துச் செல்போன் வெளிச்சத்தை அடியில் காட்டினாள். திட்டு பக்கவாட்டில் சரிந்திருந்தது. முட்டையை மெல்லத் திருப்பி மணலில் வைத்தாள். பிழைக்குமா என்று அவளுக்கும் தெரியாது. பொட்டை வாங்கிப் பெட்டி மூடியில் ஒட்டிவைத்தாள்.

இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். நான் ஞாயிறுதோறும் மெழுகுவத்தி ஏற்றினேன். பொரிந்தால் ஆடிக்குக் கூழ் ஊற்றுவதாக அக்கா அவள் ஊர் அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். நாள் தள்ளிக்கொண்டே போனது. நான் கொன்றுவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு காலை பெட்டியைத் திறந்தபோது முட்டைக்குள்ளிருந்து 'கீக், கீக்' என்று சத்தம். வெளியே வரப்போகும் குட்டி அப்படித்தான் தாயைக் கூப்பிடும். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"இன்னாத்துக்கு அயுவுற?" என்றாள் அக்கா. "கொயந்த கூப்புடுதுல்ல. போய்த் தூக்கு."