பிஜிலிக்குப் பூசிய பொடி

பிஜிலி, உன்னைக் கொன்றது ஊசி இல்லை. தெரு முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டு திரிகிறார்கள். "ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு தூக்கிட்டு அலைஞ்சா, ஊசியப் போட்டே கொன்னுட்டா" என்று என் காதுபடச் சொல்கிறார்கள். பொய். உனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். மாமாவுக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

நான் எட்டாவதோடு நின்றவள். சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறேன். பக்கம் பக்கமாக எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் வாயால் சொன்னால் யாரும் முழுசாகக் கேட்பதில்லை. நாய்க்குட்டி செத்துப்போச்சு என்றதுமே பாதிப் பேர் சிரித்துவிடுகிறார்கள். மீதிப் பேர் வேறு குட்டி பிடித்துத் தருகிறேன் என்கிறார்கள். தாளில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு அக்கா வீட்டுக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த இடுக்கில் ஒரு தெருநாய் இரண்டு பொட்டைக்குட்டி போட்டது. ஒன்று செவலை, ஒன்று கறுப்பு. ஒரு மாதம்கூட ஆகவில்லை, தாய் லோடு லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. கறுப்பை அக்கா எடுத்துக்கொண்டார். செவலையை நான் எடுத்தேன். என் டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். இருக்கிற வெடியிலேயே சின்ன வெடி பிஜிலி வெடிதான், அந்தப் பெயரையே வைத்தேன்.

முதல் தப்பை நான்தான் செய்தேன். பாவம் தாயில்லாதது என்று மாட்டுப்பாலைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினேன். இரண்டே நாளில் வயிற்றால் போய்ச் சுருண்டுவிட்டது. சிவகாசியில் உள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மா திட்டவில்லை. தராசில் வைத்து எடை பார்த்தார். "பால் வேணாம்மா. சோத்தக் கொழைய வடிச்சு, முட்டையப் பெசஞ்சு குடு. ஒரு நாளைக்கு நாலு தடவ, கொஞ்சங் கொஞ்சமா" என்றார். குடல்பூச்சிக்கு மருந்து கொடுத்தார். அடுத்த நாள் அதன் வயிற்றிலிருந்து விழுந்த பூச்சியைப் பார்த்து அம்மாவே வாயில் கைவைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. மாதக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்தேன். நாற்பத்தைந்தாம் நாள் முதல் ஊசி. மூன்று வாரம் கழித்து அடுத்தது. நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. மூன்று மாதம் முடிந்ததும் வெறிநாய் ஊசி. என் பிறந்தநாளுக்குக்கூட அந்தக் காலண்டரில் வட்டம் போட்டதில்லை. முதல் ஊசிக்கு அக்காவின் கறுப்பையும் சேர்த்தே கூடையில் தூக்கிப்போனேன். இரண்டும் ஒரே மருந்தைத்தான் போட்டுக்கொண்டன. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு இன்றைக்கும் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கடித்துக்கொண்டு கிடக்கிறது.

எங்கள் ஊரில் கம்பெனிக்காரர்கள் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு பிஜிலி அடுப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சின்னதிலேயே பழக்க வேண்டும், சத்தம் கேட்கும்போது பிடித்ததைக் கொடு என்று டாக்டரம்மா சொன்னார். வெடி வெடித்தால் உடனே வேகவைத்த கருவாட்டுத் துண்டு ஒன்று. பத்து நாளில் சத்தம் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவர ஆரம்பித்தது. "நாங்கள்லாம் வெடிச் சத்தத்துலயேதான் வளந்தோம். எங்களுக்கு எவ கருவாடு குடுத்தா?" என்று மாமா கேலி செய்வார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். வேறொரு கம்பெனியில் மிக்சிங் வேலை. கெமிக்கல் கலக்கிற வேலை வெயில் ஏறுமுன் முடிந்துவிடும் என்பதால் பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஒன்றரை மாதம் தாண்டியதும் பிஜிலிக்குக் காதோரம் முடி கொட்டியது. பிறகு முதுகில் வட்டம் வட்டமாகச் சொறி. டாக்டரம்மா தோலைச் சுரண்டிப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். "முடி மொளைக்க ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அவசரப்பட்டு வேற எதையும் தடவிராத" என்று இரண்டு தடவை சொன்னார். நானும் வீட்டில் வந்து இரண்டு தடவை சொன்னேன்.

யார் கேட்டார்கள்? "இந்தச் சொறி நாய வீட்டுக்குள்ள வச்சிருக்கியே, எங்களுக்கும் ஒட்டிரும்ல" என்று அம்மா. "ரெண்டு நாள்ல கொணமாக்கிக் காட்டுறேன் பாரு. ஆஸ்பத்திரிக்காரி மாசக்கணக்கா இழுப்பா" என்று மாமா. எங்கள் பக்கத்தில் சிரங்கு என்றால் கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள். எனக்கே சின்ன வயதில் தடவியிருக்கிறார்கள். கந்தகத்துக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? பிஜிலிக்கு அது வேண்டாம் என்றேன். "சரி புள்ள, ஒன் இஷ்டம்" என்றார் மாமா.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் பட்டாசு வேலையை நிறுத்திவிடுவார்கள். மதியமே கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பிஜிலி வாசலுக்கு வரவில்லை. பின்பக்கம் சாக்கின்மேல் கிடந்தது. தலை, முதுகு, வயிறு எல்லாம் மஞ்சள் பூச்சு. வாயெல்லாம் மஞ்சள் எச்சில் நூலாக ஒழுகியது.

"யாரும்மா இதப் பண்ணுனா?"

"ஒன் மாமாதான் கந்தகம் தடவிவிட்டான். இப்ப எதுக்குக் கத்துற? நல்லதுக்குத்தான செஞ்சான்."

சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவக் கழுவ வாந்தி எடுத்தது. தூக்கி நிறுத்தினால் பின்னங்கால் மடங்கியது. கூடையில் துணியைப் போட்டு அதை வைத்துக்கொண்டு மினிபஸ்ஸில் ஏறினேன். "வாந்தி எடுக்கிற நாயக் கொண்டாந்து பஸ்ஸுல ஏத்துறியே" என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். நான் கூடையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா பார்த்ததுமே கேட்டார். "என்ன தடவுனீங்க?"

"கந்தகம். எங்க மாமா தடவிட்டாரு."

அவர் காதுக்குள் ஒட்டியிருந்ததை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். குட்டியின் காலைத் தூக்கிவிட்டார். அது துணி மாதிரி விழுந்தது. "வெறும் கந்தகம் இப்படிச் செய்யாதும்மா. கூட என்னமோ கலந்திருக்கு. அது என்னன்னு தெரிஞ்சாதான் நான் அதுக்கேத்தாப்ல வைத்தியம் பண்ண முடியும். போன் போட்டுக் கேளு."

போட்டேன். டாக்டரம்மா கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, நீங்க தடவுனது என்னது? உள்ளதச் சொல்லுங்க. குட்டி சாகக் கெடக்கு."

"கந்தகமும் தேங்காண்ணெயும்தான் புள்ள. வேற என்னத்தத் தடவப் போறேன்?"

"சத்தியமா?"

"என்னையவே சந்தேகப்படுறியா? அந்த ஊசிதான் சேரல. அதக் கேளு மொதல்ல."

பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டேன். அதே பதில். மூன்றாவது தடவை எடுக்கவில்லை. டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றினார். அதன் உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. நான் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். அந்தப் பொடி வந்த பேப்பரைத் தேடச் சொன்னேன். அம்மா முதலில் தெரியாது என்றாள். நான் விடாமல் கெஞ்சினேன். அப்புறம் சொன்னாள்.

"அது சுத்தக் கந்தகம் இல்லயாம்த்தா. அதப் பூட்டி வச்சிருப்பாகளாம். மிக்சிங்ல சல்லடைக்குக் கீழ விரிக்கிற பேப்பர்ல சிந்திக் கெடந்ததத் தட்டி மடிச்சுக் கொண்டாந்திருக்கான். கெமிக்கல வெளிய கொண்டாந்தது தெரிஞ்சா வேல போயிரும், யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னான்."

மாமா கம்பெனியில் அந்த மாதம் பச்சைக் கலர் சரக்கு ஓடியது எனக்கே தெரியும். பச்சையாக எரிய வேண்டுமென்றால் பச்சை உப்பு போட வேண்டும். அதைத்தான் பேரியம் என்கிறார்கள். சிவகாசியில் பிறந்த பிள்ளை யாரிடம் கேட்டாலும் சொல்லும். எடுப்பவர் கையுறை போட வேண்டும், வாயில் படக்கூடாது என்று அங்கே போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். தன் உடம்பெல்லாம் நக்கிக்கொள்கிற குட்டிமேல் அதைத்தான் பூசியிருக்கிறார்.

நான் பேரியம் என்றதும் டாக்டரம்மா ஓடிப்போய்ப் பேதி உப்பைக் கரைத்துக் கொண்டுவந்தார். குழாய் வழியாக உள்ளே விட்டார். அது அந்த விஷத்தைக் கட்டுமாம். அதற்குள் மூச்சு விட்டு விட்டு வந்தது. நான் அதன் நெஞ்சில் கை வைத்திருந்தேன். என் கைக்குக் கீழேதான் நின்றது.

"முன்னாடியே சொல்லியிருந்தா பொழச்சிருக்கும்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒரு வாய்ப்பு இருந்துச்சும்மா" என்றார் அவர். அந்த ஒரு வாய்ப்பைத்தான் மாமா பொய் சொல்லியும் போனை எடுக்காமலும் சாகடித்தார். முதல் போனுக்கும் அம்மா வாயைத் திறந்ததற்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தெரியாமல் செய்தது வேறு. தெரிந்து வாயை மூடிக்கொண்டது வேறு. முதலாவதை நான் மன்னித்திருப்பேன்.

வேலைக்குத் திரும்பப் போக இரண்டு நாள் ஆகிவிட்டது. "என்ன புள்ள, நாய்க்குப் பதினாறாம் நாள் கும்புட்டுட்டுத்தான் வருவியோ? இங்க ஆர்டர் நிக்கிது" என்றார் போர்மேன். எல்லாரும் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மாமா டீக்கடையில் உட்கார்ந்து ஊசி சேராமல் குட்டி செத்தது என்று கதை கட்டியிருக்கிறார். எதிர்வீட்டு அக்கா அதை நம்பிவிட்டார். கறுப்புக்கு இரண்டாவது ஊசிக்கு நாள் வந்தபோது கூடையோடு போய் நின்றேன்.

"வேணாந்தா. ஒன் குட்டிக்கு ஆனது போதும். எங்குட்டி ஊசியில்லாமலே பொழச்சுக்கிரட்டும்."

செத்தது ஒன்று போதாதென்று அந்தப் பொய் இன்னொன்றையும் கொல்லப் பார்க்கிறது. குழாயடியில் அத்தனை பேரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கேயே கேட்டேன்.

"மாமா, பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்தது என்னதுன்னு இவுகளுக்குச் சொல்லுங்க."

"வாய மூடு புள்ள. மாமன்கிட்டப் பேசுற பேச்சா இது?"

"பச்சை உப்பத் தடவுனீகளா இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை அடைக்கவில்லை. மாமா துணியை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார். "இப்படியா மானத்த வாங்குவ?" என்று அம்மா என் முதுகில் ஒரு அடி போட்டாள். எதிர்வீட்டு அக்கா குடத்தைக் கீழே வைத்தார். வீட்டுக்குப் போய்க் கறுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் கூடையில் வைத்தார். "நானும் வாரேன்" என்றார். அன்றைக்கே இரண்டாவது ஊசி போட்டாயிற்று. வெறிநாய் ஊசிக்கான நாளையும் அக்கா டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டார்.

அம்மா இப்போது என்னோடு பேசுகிறாள். மாமா பேசுவதில்லை. நானும் பேசவில்லை. வயதில் பெரியவர், நீதான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார்கள். எதற்கு? ஒரு உயிர் துடிக்கும்போது ஒரு வார்த்தை உண்மை சொல்ல முடியாதவரிடம் நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

நாய்க்கெல்லாம் சாமி கும்பிடுவாகளா என்று போன வாரம் கோயிலில் ஒருவர் என்னைக் கேட்டார். நான் கும்பிட்டேன். இதைப் படிக்கிற நீங்களும் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, சர்ச்சில் முழங்கால் போட்டாலும் சரி, பள்ளிவாசலில் தொழுதாலும் சரி, மாமாவுக்காக எதுவும் கேட்க வேண்டாம். அவருக்காகக் கேட்க ஆள் இருக்கிறது. பிஜிலி இரண்டு மாதம்தான் இந்த ஊரில் இருந்தது, அதற்கு என்னை விட்டால் யாரும் இல்லை. அதற்கு இனி வலிக்கக்கூடாது என்று உங்கள் எல்லாருடைய வாயாலும் ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.