உப்புக் குறைந்த சாமைச் சோறு

மாமியார் படுக்கையில் கிடந்த மாதங்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. அவர் காலமாகிக் காரியமெல்லாம் முடிந்த பிறகும் உடம்பு அலுத்தே கிடந்தது. சோற்றைக் கண்டாலே வெறுப்பு.

"காலைல போயிட்டுச் சாயங்காலம் வந்துடலாம், மலைக்குப் போவலாமா?" என்று கணவர் கேட்டார். மறுத்துப் பேசவும் தெம்பில்லாமல் கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினேன்.

மாலையில் பஸ் மலையிலிருந்து இறங்கவில்லை. "கீழ மரத்த வெட்டி ரோட்டுல போட்டுக்கினு இருக்காங்க. எப்ப வுடுவாங்கன்னு தெரியாது" என்றார் டிரைவர். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்கப்போவது தெரிந்ததுதான். மலைப்பாதையும் அடைபடும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

பஸ் நின்ற இடத்தில் டீக்கடை வைத்திருந்த மலைக்கார அக்கா எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். சாமைச் சோறு, காய்ந்த மொச்சைக் குழம்பு. இரண்டு வாய் போதும் என்று உட்கார்ந்தவள் தட்டை வழித்துத் தின்றேன். அன்று பாயில் சாய்ந்ததுதான் தெரியும்; விடிந்து வெகுநேரம் கழித்தே எழுந்தேன்.

அடுத்த நாட்களிலும் வண்டி ஓடவில்லை. கேழ்வரகுக் களி, காட்டுக் கீரை, வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு என்று அக்கா எதையாவது கொடுத்தபடி இருந்தார். பாத்திரம் கழுவப் போனால், "நீங்க குந்துங்கம்மா" என்று பிடுங்கிக்கொள்வார். நானும் குந்தியிருந்தேன், மேயும் கோழிகளைப் பார்த்தபடி. அதற்கு மேல் எதற்கும் என்னிடம் ஜீவனில்லை.

ஒரு மதியம் எனக்கும் கணவருக்கும் பரிமாறிவிட்டு, வேறு சட்டியிலிருந்து தனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டார். அதிலும் கொஞ்சம் கேட்டு வாங்கி வாயில் வைத்தேன். சப்பென்றிருந்தது.

"இன்னாக்கா, உப்பே இல்ல?"

"சந்தைக்காரங்க மேல வர்ல. இருக்கிறது கொஞ்சம். எங்களுக்குப் பழக்கம், உங்களுக்கு எறங்காது."

இத்தனை மாதம் நான்தான் அடுத்தவருக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்திருந்தேன். எனக்காக ஒருவர் தனிச்சட்டி வைத்ததில்லை. எங்கள் சட்டியிலிருந்த குழம்பை எடுத்து அவர் சட்டியில் ஊற்றிக் கலக்கினேன். "அட, இன்னாம்மா இது!" என்று அதட்டியவர் பிறகு சிரித்துவிட்டார். அதன்பின் எல்லாருக்கும் ஒரே சட்டிதான்.

வழி திறந்ததும் முதல் பஸ்ஸில் இறங்கினோம். வெட்டுண்ட மரங்களைச் சாலையோரம் தள்ளியிருந்தார்கள். அக்கா மடியில் கட்டிக் கொடுத்த கிழங்கு கனத்தது.

வீட்டில் மருந்து வாடை அப்படியே இருந்தது. அலுப்பும் விட்டபாடில்லை. கணவர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு அடுப்பு மூட்டினார். நான் உட்கார்ந்தபடியே கிழங்கின் தோலை உரித்தேன்.