ஆறு கடதாசிக் கோப்பைகள்

நேற்று கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே மேரி அக்கா வந்தார். அன்ரன் அண்ணையின் மனைவி. சுவிஸுக்கு அகதியாக வந்த புதிதில் நானும் அண்ணையும் ஒரே முகாம் அறையில் கிடந்தவர்கள். என் மகனுக்கு ஞானத் தகப்பனும் அவர்தான்.

அண்ணைக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்து எட்டு நாள். எனக்குத் தெரியாதா? எங்கள் ஃப்ரிபூர்க் நகரத் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்த அடுத்த நிமிடமே, கும்பிடும் கை மூன்று போட்டு, 'கட்டாயம் வந்து பார்க்கிறேன்' என்று எழுதியவன் நான். எனக்குப் பின்னால் ஒரு படையே கும்பிட்டிருந்தது!

அக்கா குறை எதுவும் சொல்லவில்லை. பிஸ்கட் வாங்க வந்தாராம். ஆஸ்பத்திரிக்கு... பார்க்க வருகிறவர்களுக்கு.

"நாலு மணியெண்டால் ஷேவ் எடுத்து, தலையும் சீவிப்போட்டு இருக்கிறார். ஆராவது வருவினமாம்."

யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் வரேல்லை."

என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பஸ்ஸில் நான்கு தரிப்பிடம். வெட்கமாக இருந்தது. தக்காளியை அப்படியே வைத்துவிட்டு அக்காவோடு போனேன்.

கட்டிலருகே ஒரு பிளாஸ்க். பக்கத்தில் ஆறு கடதாசிக் கோப்பைகள். நாங்கள் அப்படித்தானே? படுக்கையில் கிடந்தாலும் வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டோம். எட்டு நாளும் அந்தத் தேநீரைத் தன் குவளையில் ஊற்றிக் குடித்துத் தீர்த்தவர் பக்கத்துக் கட்டில் சுவிஸ் விவசாயி. அவர் எந்தக் குழுவிலும் இல்லை. ஆனால் அவரைப் பார்க்கத் தினமும் ஆள் வருகிறதாம்.

நான் குழுவில் எழுதியது பொய்யில்லை. எழுதும்போது உண்மையாகவே கலங்கினேன். ஆனால் அனுப்பியவுடனே, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த நிம்மதி வந்துவிட்டதே — அதுதான் கோளாறு. குழு இல்லாத காலமென்றால், போய்ப் பார்க்கும்வரை மனம் அரித்துக்கொண்டே இருந்திருக்கும், இல்லையா?

அண்ணை என் கையை விடாமல் மகனின் படிப்பு பற்றி விசாரித்தார். பழக்க தோஷம்... படம் எடுக்க போனைத் தூக்கினேன். குழுவில் போடத்தான்.

"படம் வேண்டாம் காணும்," என்றார். "போட்டீரெண்டால், அதைப் பாத்துப்போட்டு எல்லாரும் தாங்களும் வந்துபோன மாதிரி இருந்திடுவினம். தேத்தண்ணியைக் குடியும்."

குடித்தேன்.

இந்தப் பதிவுக்கும் லைக் போட நினைக்கும் ஃப்ரிபூர்க் நண்பர்களுக்கு — மாலை எட்டு மணி வரை பார்க்க விடுகிறார்கள். கோப்பை இன்னும் ஐந்து இருக்கிறது.