ஒலிபெருக்கியில் அம்மா

அப்பா இறந்தபின் ஓராண்டாக எங்கள் வீட்டில் யாரும் திருவிழா பார்க்கவில்லை. மட்டக்களப்பில் ஆடி, ஆவணி மாதங்களை வீட்டுக்குள் இருந்து கழிப்பது லேசான காரியமல்ல. அமிர்தகழிக் கோயிலில் கொடி ஏறிவிட்டால் நகரமே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அது முடிந்ததும் தேவாலயத்துத் திருநாள், வாவிக்கரையில் மேடை கட்டிப் பாட்டு, நாடகம், கூத்து என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். அந்த ஆண்டு அவ்வளவையும் நான் காதால் மட்டும் கேட்டேன். எனக்குச் சனக்கூட்டம் பிடிக்கும். நாற்பத்தைந்து வயதாகியும், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆளாக இருந்தும், பலூன் விற்பவனைக் கண்டால் நின்று பார்ப்பேன்.

அப்பாவின் முதலாண்டு ஆட்டைத் திவசம் முடிந்து வந்த முதல் ஆடி அமாவாசைக்கு அம்மா, மனைவி, நான் மூவரும் எங்கள் ஊரான குருக்கள்மடத்திலிருந்து ஊராரோடு அமிர்தகழிக்கு வேனில் புறப்பட்டோம். தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கும் விரதம் அது. குளத்தில் தீர்த்தமாடி, ஐயரிடம் தகப்பனுக்கான கடனைச் செய்து, வீட்டுக்கு வந்து படைத்த பிறகுதான் வாயில் ஏதும் வைக்கலாம். அம்மாவும் விடியலில் இருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

குளக்கரையில் ஐயர்மாருக்கு முன்னால் நீண்ட வரிசை. எங்கள் முறை வருமுன் அம்மா பையைக் கிளறிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தா.

"வெத்திலைய மறந்துட்டன் மனே. ஓடிப் போய் ஒரு கட்டு வாங்கிட்டு வா. நிண்டு புதினம் பாராத."

வேட்டியும் சால்வையுமாக இருந்ததால் என் போன் மனைவியின் கைப்பையில் கிடந்தது. அப்படியே போனேன்.

வெற்றிலையை முதல் கடையிலேயே வாங்கிவிட்டேன். திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த கடையில் வளையல், அதற்கடுத்து துவக்கால் பலூன் சுடுகிற இடம், அதற்கப்பால் பலகைக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். வண்டியின் இரைச்சலில் பலகை அதிர, பெண்பிள்ளைகள் கூச்சலிட, நானும் கை தட்டினேன். ஓராண்டாக அடைத்து வைத்திருந்தது எல்லாம் திறந்துகொண்டது போலிருந்தது. வெளியே வந்தபோது காத்தான்குடிக் கடைக்காரர் ஒருவர் தட்டில் மஸ்கட் அல்வா வெட்டிக்கொண்டிருந்தார். நெய் மினுங்குகிற சிவப்பு மஸ்கட்.

"திண்டு பாருங்க சேர், சூடு ஆறல்ல" என்று ஒரு துண்டைக் கையில் வைத்தார்.

வாயில் போட்டு அரைவாசி கரைந்த பிறகுதான் விரதம் நினைவுக்கு வந்தது. அந்த இடத்திலேயே துப்பியிருந்தால் இதை எழுதவும் தேவையிருந்திராது. போனது போய்விட்டது என்று ஒரு நினைப்பு. விழுங்கினேன். பிறகு ஒரு பொதி வாங்கி, கடையின் ஓரமாக நின்று, ஒவ்வொரு துண்டாகத் தின்றேன். பசியோடு தின்னும்போது மஸ்கட் எவ்வளவு ருசி என்று அன்றுதான் தெரிந்தது.

அப்போது ஒலிபெருக்கியில் என் முழுப்பெயர் கேட்டது. குருக்கள்மடத்திலிருந்து வந்த ஆசிரியர், பச்சைக்கரை வேட்டி, கண்ணாடி. தாயார் அறிவித்தல் கூடத்தில் காத்திருக்கிறார். காணாமல் போன பிள்ளைகளை அறிவிக்கிற அதே குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் ஒலிவாங்கியை யாரோ பிடுங்குகிற சத்தம்.

"மனே, நான் அம்மா. பச்சத் தண்ணியும் குடிக்காம வெயிலுக்க எங்கயும் மயங்கிக் கிடக்கியா? ஆராவது என்ட பிள்ளையக் கண்டா தூக்கிட்டு வாங்க. விரதக்காரன். வெறும் வயிறு."

குரல் உடைந்து நின்றது. கோயில் வீதி முழுவதும் அதைக் கேட்டது. கடைக்காரர் என் வேட்டிக்கரையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், கையிலிருந்த பொதியைப் பார்த்தார். தட்டைத் துணியால் மூடினார்.

பொதியை இடுப்பு மடிப்புக்குள் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். பத்தடி போவதற்குள் ஒரு பெண் ஓடி வந்து கையைப் பிடித்தாள். முதலுதவித் தொண்டர் உடுப்பு. என்னிடம் முன்பு படித்தவள்.

"சேர், நீங்கதானே? தலை சுத்துதா? கதைக்க வேணாம், என்னில சாஞ்சு வாங்க."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பல்லில் மஸ்கட் ஒட்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு அவள் தோளில் சாய்ந்தேன். அவள் குடை விரித்தாள். சனம் வழி விட்டது. "பாவம், தகப்பனுக்கு விரதம்" என்று ஒரு கிழவி சொன்னது காதில் விழுந்தது. அவ்வளவு மரியாதையோடு என்னை யாரும் ஒருநாளும் கூட்டிச் சென்றதில்லை.

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினா. "கண்ணெல்லாம் உள்ளுக்குப் போயிட்டே" என்றா. குளத்துப் படியில் சால்வையைக் கழற்றி வேட்டியை இறுக்கிக் கட்டப் போனபோது, பொதி வழுகிப் படியில் விழுந்து பிரிந்தது. மிஞ்சிய இரண்டு சிவப்புத் துண்டுகள்.

"எப்ப திண்ட?"

"இப்பதான்."

அம்மா வெற்றிலைக் கட்டை எடுத்து ஐயரிடம் கொடுத்தா. மனைவி குனிந்து பொறுக்கிப் பைக்குள் போட்டாள். ஐயர் குளத்தைப் பார்த்துக்கொண்டே, "முழுகிட்டு வாங்க தம்பி" என்றார். முழுகினேன். அவர் அப்பாவின் பெயரைக் கேட்டபோது நான் தண்ணீரைப் பார்த்தேன். அம்மாதான் சொன்னா.

வேனில் ஊர்ச்சனம் என்னைக் கால் நீட்டிப் படுக்கச் சொல்லி ஒரு முழு இருக்கையைத் தந்தது. கிழவர்கள் நின்றுகொண்டு வந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டில் படைத்து, காகத்துக்கு வைத்த பிறகு, அம்மா தனக்கும் மனைவிக்கும் இலை போட்டா. என் பக்கம் திரும்பாமலே, "உனக்குப் பசிக்காதுதானே" என்றா. நான் வாசற்படியில் போய் இருந்தேன். வாவிக்கரை இசை நிகழ்ச்சிக்குப் போவதென்று பேசி வைத்திருந்த மாலை அது. மனைவி ஒருமுறை கேட்டாள், வேண்டாமென்று தலையாட்டினேன்.

பொழுது சாயும் நேரம், வேனில் நின்றுகொண்டு வந்த அயல்வீட்டுக்காரி செவ்விளநீர் ஒன்றைச் சீவி எடுத்துக்கொண்டு வந்தா.

"தம்பிக்கு இப்ப எப்பிடிகா? தெளிஞ்சிட்டா?"

அம்மா வெளியே வந்தா. பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று எங்களை வளர்த்தவ. அதிலும் அது அப்பாவின் நாள்.

"ஓம்கா, இப்ப காரியமில்ல. வெறும் வயித்தோட வெயில் பட்டுட்டு. சின்னனில இருந்தே அவன் விரதமெண்டா கடும்பிடி."

அயல்வீட்டுக்காரி என்னைப் பெருமையோடு பார்த்தா. அம்மா இளநீரை வாங்கி என் கையில் தந்து, "குடி மனே" என்றா. என் கண்ணை அவ பார்க்கவில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, நான் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.