அம்மாவுக்கும் ஒரு ஊர்

ஜெர்மனியின் ஹம் நகரில் ஒரு கலியாண வீடு. பக்கத்தில் இருந்து சாப்பிட்ட அக்கா ஒருவர், எங்கள் ஆட்களின் வழக்கப்படி, என் பூர்வீகத்தை விசாரிக்கத் தொடங்கினார். அப்பாவின் யாழ்ப்பாணத்து ஊர், கோயிலடி, ஒழுங்கை வரை கடகடவென்று சொல்லிவிட்டேன்.

“அம்மா எந்த இடம், பிள்ளை?”

“அவ ஜெர்மன்காரி, அக்கா.”

“அது முகத்திலயே தெரியுது. இடத்தையெல்லோ கேட்டனான். அவவுக்கும் ஒரு ஊர் இருக்கும்தானே?”

அது எனக்கே தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது. நான் படிக்கும் பான் நகருக்குத் திரும்பும் ரயிலிலிருந்தே அம்மாவுக்கு போன் எடுத்தேன். நான் பிறக்கும் முன்பே இறந்துபோன அவருடைய பெற்றோரைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். தாய் வட கடல் கரையோரத்தவர். தகப்பன் வேல்ஸிலிருந்து வந்தவர்.

பிறகு நூலகத்தில்தான் கிடந்தேன். ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் அந்தக் கரையிலிருந்து படகேறிப்போன சாக்சன் இனத்தவரும் பிரிட்டனில் ஆங்கிலோ-சாக்சன்கள் ஆனார்களாம். அவர்களோடு காலங்காலமாக மோதிய, அங்கே முன்பே வாழ்ந்த கெல்டிக் மக்களின் வழிவந்தவர்கள்தான் வேல்ஸ்காரர்கள். ஒன்றோடொன்று அடிபட்ட இரண்டு பக்கமும் எங்கள் ஒரே வீட்டுக்குள்! பரீட்சைப் புத்தகங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு இதையே படித்தேன்.

அடுத்த கலியாணத்தில் அந்த அக்காவைத் தேடிப்பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். வடையைக் கடிக்காமல் கையில் வைத்தபடியே கேட்டார்.

“அவ்வளவு பகையெண்டால், உம்மட அம்மம்மா வீட்டார் அந்த வேல்ஸ் மாப்பிள்ளைக்கு ஓமெண்டவையோ?”

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. ரயில் வரை பொறுக்க முடியாமல், மண்டப வாசலில் நின்றே அம்மாவுக்கு போன் எடுத்தேன்.