ஆயுத பூஜையன்று ஓடிய இருப்புக் கணக்கு

எண்பதுகளின் நடுவில், புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் எனக்குத் தற்காலிக வேலை. திரையும் கீபோர்டும் மட்டும் உள்ள ஆறு டெர்மினல்களில் ஆறு பெண்கள் நாள் முழுக்கத் தட்டுவோம். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரே கம்ப்யூட்டர். துணி இருப்புக் கணக்கு மாதிரி பெரிய வேலைகளைப் பின்னணியில் ஓடவிட்டு, எதற்கு எவ்வளவு சக்தி என்று பங்கு வைப்பது என் பொறுப்பு. திரை கொஞ்சம் மந்தமானாலும் மேனேஜர் கத்துவார். அதனால் இருப்புக் கணக்கைக் கடைசிப் பந்தியில்தான் உட்கார வைப்பேன். மற்றவர்களுக்குப் போக மிச்சம் இருந்தால் அதற்கு.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவர் இரண்டு உத்தரவு போட்டார். பூஜையன்று ஒரு மெஷினும் ஓடக் கூடாது. லீவு முடிந்து ஆலை திறந்ததும் இருப்புக் கணக்கு மேசையில் இருக்க வேண்டும். மனுஷன் யோசித்துத்தான் பேசுகிறாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதியில் நிறுத்தினால் கணக்கை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். எது தவறினாலும் என் சீட்டு கிழிந்துவிடும். அப்பாவை அதே ஆலையிலிருந்து ஏற்கெனவே ஆள்குறைப்பில் நிறுத்தியாகிவிட்டது. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

பூஜையன்று காலை டெர்மினல்களை மட்டும் அணைத்தேன்; கணக்கைப் பின்னணியில் ஓடவிட்டேன். கணக்கு முடிந்ததும் தானாக அச்சடிக்கும்படி பிரிண்டரைத் தயாராக வைத்தேன். போகிற வேகத்துக்கு மறுநாள்தான் முடியும், யாருக்குத் தெரியப்போகிறது?

மத்தியானம் தறிப் பகுதி ஆட்களும் பூஜைக்கு வந்து நின்றார்கள். டெர்மினல்களுக்குச் சந்தனம், குங்குமம், தலைக்கு ஒரு முழம் கதம்பம். கம்ப்யூட்டரின் இரைச்சலை ஏசி சத்தம் மறைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டுவதற்கு இன்று ஆளே இல்லை. மொத்த சக்தியும் அந்தக் கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருக்கும். 

கற்பூரம் காட்டும்போது பிரிண்டர் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. மணி அடித்தவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"யாரும்மா ஓட்டுனது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். நாளைக்குத்தான் முடியும்னு நெனச்சேன்."

தலை குனிந்துகொண்டேன். அவர் போய்க் காகிதத்தைப் புரட்டினார். திட்டவில்லை. முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் பயம் இன்னும் கூடியது.

"எப்பவும் ரெண்டு நாள் இழுக்குமே, இன்னிக்கு எப்படி?"

"யாரும் தட்டல சார். அதான்."

அணைந்து கிடந்த ஆறு டெர்மினல்களையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

பின்னால் நின்ற தறிக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ, ஆளுங்க இல்லாட்டிதான் இது நல்லா வேலை செய்யுமா பாப்பா?"

கற்பூரத்தை யாரும் தொட்டுக் கும்பிடவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.